ஆண்டி அயன்ஸ்: கடலில் கூடிய வட்டமும் கரையில் காத்த மௌனமும்

2010 நவம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவுகளில் வடமேற்கே கிடக்கும் கவாயி தீவின் வடகரையில் ஹனலே என்றொரு வளைகுடா. பிறை போல வளைந்த 3 கிலோமீட்டர் மணல். பின்னால் பச்சை மலைகள். மழை பிடித்தால் அவற்றின் மேலிருந்து கோடு கோடாக அருவி இறங்கும். அந்த மணலில் ஓரிடத்துக்கு, பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் சர்ஃபர்கள் வைத்திருக்கும் பெயர் பைன்ட்ரீஸ். பெயர்தான் பைன், நிற்பது என்னவோ சவுக்கு. நம் கடலோரங்களில் காற்றடித்தால் ஊவென்று இரையுமே, அதே சாதி மரம்.

அன்றைக்கு அந்தக் கரையில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடினார்கள். பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு சிலர், துடுப்புப் படகுகளில் சிலர், கழுத்தில் பூமாலையோடு எல்லோரும். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்ப் பெரிய வட்டமாக நின்றார்கள். ஆண்டி அயன்ஸ், 32 வயது, சர்ஃபிங்கில் மூன்று முறை உலக சாம்பியன், இதே பைன்ட்ரீஸில் அலை பழகிய பையன். அவருடைய சாம்பலை அந்த வளைகுடாவிலேயே கரைத்தார்கள். மனைவி லிண்டி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

அந்த வட்டம் எதற்கு என்று விளங்கிக்கொள்வது சுலபம். அதன் பிறகு ஏழு மாதம் கரையில் நடந்ததுதான் கொஞ்சம் நின்று யோசிக்க வைப்பது.

முதலில் ஆளைப் பற்றி. 2002, 2003, 2004 என்று வரிசையாக மூன்று ஆண்டு உலகப் பட்டம். ஆண்கள் பிரிவில் அதற்கு முன் இப்படி மூன்றோ அதற்கு மேலோ தொடர்ச்சியாக வென்றவர்கள் இருவர்தான்: ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ், ஃபுளோரிடாவின் கெல்லி ஸ்லேட்டர். உலகத் தொடரில் அயன்ஸுக்கு மொத்தம் 20 வெற்றி. ஹவாயின் ஓவாகு தீவில் பைப்லைன் என்ற இடத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை நான்கு முறை ஜெயித்தார். பைப்லைன் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்தால்தான் அந்த நான்கின் எடை புரியும். ஆழ்கடலிலிருந்து வரும் பெரிய அலை திடீரென்று ஆழமில்லாத பாறைத் தளத்தில் மோதி, மேலே எழும்பிக் குழாய் மாதிரிச் சுருளும். சறுக்குபவர் அந்தக் குழாய்க்குள் புகுந்து அது மூடிக்கொள்வதற்குள் வெளியே வர வேண்டும். தவறினால் கீழே பாறை.

கெல்லி ஸ்லேட்டரோடு அவருக்கு இருந்த பகை சர்ஃபிங் உலகத்தில் பெரிய பேச்சு. ஸ்லேட்டர் 1990களில் ஆறு பட்டம் வென்று, ஓய்வு என்று விலகி, மறுபடி வந்தவர். நிதானமானவர், கேமராவுக்கு முன் அளந்து பேசுகிறவர். அயன்ஸ் நேர் எதிர். கோபம் வந்தால் முகத்தில் தெரியும், சந்தோஷம் வந்தாலும் தெரியும், வாயில் வந்ததைச் சொல்லிவிடுவார். 2003 டிசம்பரில் ஆண்டின் கடைசிப் போட்டி, அதுவும் பைப்லைனில். பட்டம் இருவரில் ஒருவருக்கு என்று வந்து நின்றது. அயன்ஸ் எடுத்துக்கொண்டு போனார். ஹவாய்க்காரர்கள் அதை இன்றைக்கும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். சர்ஃபிங் பிறந்த மண்ணில், உலகத்துக்கே ராஜாவாக இருந்தவரை ஒரு சின்னத் தீவுப் பையன் தோற்கடித்த கதை அது.

ஏழு வருடம் கழித்து, போர்ட்டோ ரிக்கோவில் உலகத் தொடரின் ஒரு சுற்று. உடம்பு சரியில்லை என்று அயன்ஸ் போட்டியிலிருந்து விலகி வீட்டுக்குக் கிளம்பினார். டாலஸில் விமானம் மாற வேண்டும். அங்கே விமான நிலைய ஹோட்டலில் அறை எடுத்தார். நவம்பர் 2 காலையில் கட்டிலிலேயே இறந்து கிடந்தார். செய்தி போர்ட்டோ ரிக்கோவை எட்டியதும் போட்டியை நிறுத்திவைத்தார்கள். முந்தின நாள்வரை புள்ளிக்காக மோதிக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்து கடலுக்குள் போனார்கள். நவம்பர் 6ஆம் தேதி அதே இடத்தில் ஸ்லேட்டருக்குப் பத்தாவது உலகப் பட்டம் உறுதியானது. 38 வயதில் பத்தாவது பட்டம்; வேறு எந்த வருடமாக இருந்தாலும் கொண்டாடித் தீர்த்திருப்பார்கள். அவர் கண்ணீரோடு நின்று அதை அயன்ஸுக்குக் காணிக்கையாக்கினார். பழைய பகை அதற்கு முன்பே நட்பாக மாறியிருந்தது.

சரி, கடலில் ஏன் கூடுகிறார்கள்? பேடில் அவுட் என்று இதற்குப் பெயர். கையால் துடுப்புப் போட்டு வெளியே போவது என்று பொருள், அவ்வளவுதான். ஆயிரம் வருடத்துப் பழைய ஹவாய்ச் சடங்கு என்று பலரும் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நமக்குத் தெரிந்த வடிவம் 20ஆம் நூற்றாண்டில் வைக்கிக்கி கடற்கரையில் உருவானது. அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அலை பழக்கிக்கொடுத்து, படகு ஓட்டி, பாட்டுப் பாடிப் பிழைத்த உள்ளூர் ஆண்களை 'பீச் பாய்ஸ்' என்பார்கள். தங்களில் ஒருவர் போய்விட்டால் சாம்பலைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கரைப்பது அவர்கள் வழக்கம். வெளியுலகத்துக்கு அது தெரியவந்ததில் டியூக் கஹானமோக்குவின் சாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1912இலும் 1920இலும் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வாங்கியவர், சர்ஃபிங்கை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நேரில் செய்துகாட்டிப் பரப்பியவர். 1968 ஜனவரியில் இறந்தார். வைக்கிக்கியில் படகுகள் வரிசையாகப் போய் அவர் சாம்பலைக் கடலில் விட்டன, கரையில் கூட்டம் நின்று பார்த்தது. பிறகு அந்த வழக்கம் கலிஃபோர்னியாவுக்குப் போனது, ஆஸ்திரேலியாவுக்குப் போனது. இன்றைக்கு சர்ஃபிங் இருக்கும் இடமெல்லாம் பேடில் அவுட்டும் இருக்கிறது. இதற்கு மதம் கிடையாது, புரோகிதர் வேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. யாராவது வயதில் மூத்தவர் இரண்டு வார்த்தை பேசினால் போதும்.

படத்தில் பார்க்கும்போது வட்டம் அழகாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு அது படாத பாடு. பலகையின் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நீரோட்டம் ஒருபக்கம் இழுக்கும், காற்று ஒருபக்கம் தள்ளும், அடியில் ஓடும் அலை ஒவ்வொருவரையும் வெவ்வேறு நேரத்தில் தூக்கி இறக்கும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்தால் ஒழிய வட்டம் நிற்காது. கை பிடிப்பது துக்கத்துக்காக என்று நினைப்போம். பாதிக்கு மேல் அது விலகிப் போகாமல் இருப்பதற்காக. பெரிய அலை வரிசையாக வந்தால் வட்டம் சிதறும், மறுபடி கூட வேண்டும். கழுத்து மாலைகளைக் கழற்றி நடுவில் வீசுவதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் ஒரு காரியம் செய்வார்கள்: நாரை, நூலை உருவிவிட்டுப் பூவை மட்டும் உதிர்த்து விடுவார்கள். நூல் கடலில் கிடந்தால் ஆமையின் வயிற்றில் போய்ச் சேரும். கடைசியில் எல்லோரும் கையால் தண்ணீரை மேலே வாரி இறைத்து, பலகையைத் தட்டி, கத்துவார்கள். அழுகைச் சத்தம் எதுவும் தனியாகக் கேட்காது.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சர்ஃபர்கள் அலைக்குக் காத்திருக்கும் இடத்துக்கு லைன் அப் என்று பெயர். அதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று எழுதாத சட்டம் இருக்கிறது. அலை முதலில் எழும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு முதல் உரிமை. அந்த இடம் யாருக்கு என்பது வருடக்கணக்கில், சில இடங்களில் கை கலப்பில், முடிவாகும். விடிகாலையில் வேலைக்குப் போகும் முன் இறங்கும் அதே இருபது முப்பது பேர், அதே இடம், அதே முகங்கள். பெரும்பாலும் பேச்சு குறைவு. ஒருவர் போய்விட்டால் அடுத்த நாள் காலையில் தண்ணீரில் அவர் உட்காரும் இடம் காலியாகக் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் போலத்தான், ஆனால் ஊரே பார்க்கும் இடத்தில். அதனால்தான் துக்கத்தையும் அங்கேயே போய்க் கொட்டுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கூட்டத்துக்கு மரணம் புதிதல்ல. அலையில் போனவர்களுக்கு அவர்களிடம் ஆயத்தமாக ஒரு கதை இருக்கிறது. 1994 டிசம்பர் 23: ஹவாயின் பெரிய அலை வீரர் மார்க் ஃபூ இரவோடு இரவாக விமானம் ஏறி கலிஃபோர்னியாவின் மேவரிக்ஸ் என்ற இடத்துக்கு வந்து, அன்றைக்கே அங்கே மூழ்கி இறந்தார். அவரை முடித்தது அன்றைய அலைகளில் பெரியதுகூட இல்லை. எடி அயிகாவு 1978 மார்ச்சில் போனார். ஓவாகுவின் வைமேயா வளைகுடாவில் உயிர்காப்பாளராக எத்தனையோ பேரை இழுத்துக் கரைசேர்த்தவர். பழைய பாலினேசியப் படகின் மாதிரியில் கட்டிய ஹோக்குலேயாவில் கடற்பயணம் போனபோது படகு கவிழ்ந்தது. உதவி கொண்டுவருகிறேன் என்று தன் பலகையில் ஏறிக் கிளம்பினார். மற்றவர்கள் பிழைத்தார்கள், அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவர் பெயரில் வைமேயாவில் ஒரு போட்டி உண்டு. அலை மிகப் பெரிதாக எழுந்தால்தான் அதை நடத்துவார்கள். பல குளிர்காலங்கள் நடக்காமலே கழியும். 2004இல் அதை ஜெயித்தவர் ஆண்டியின் தம்பி புரூஸ் அயன்ஸ். 2023இல் ஜெயித்த லூக் ஷெப்பர்ட்சன் அதே கரையில் உயிர்காப்பாளர். அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர், இடையில் போய் அலையில் ஏறிவிட்டுத் திரும்ப வேலைக்கு வந்தார். அயிகாவுக்கு இதைவிடப் பொருத்தமான திதி யாராலும் கொடுக்க முடியாது.

கடல் கொண்டுபோனால் சொல்லிக்கொள்ள வார்த்தை இருக்கிறது: பிடித்ததைச் செய்துகொண்டே போனான். டாலஸ் கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். அங்கே ஓட்டல் கட்டிலில் 32 வயது சாம்பியன் இறந்துகிடந்தால் அதற்கு என்ன சொல்வது?

முதலில் சொன்னது டெங்கு. ஸ்பான்சர் நிறுவனத்தின் அறிக்கையில் அவர் டெங்குக் காய்ச்சலோடு போராடிக்கொண்டிருந்ததாகக் கூறப்படுகிறது என்று இருந்தது. உலகச் செய்தி நிறுவனங்கள் அதை எடுத்துப் போட்டன. அறையில் மருந்துகள் கிடந்ததாகச் சில நாட்களிலேயே ஹவாய்ப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் போட்டவர்கள் மேல் சர்ஃபிங் வட்டாரத்தில் ஆத்திரம். பிரேதப் பரிசோதனை அறிக்கை வெளியே வருவதைத் தள்ளிவைக்கச் சொல்லிக் குடும்பம் நீதிமன்றம் போனது. முதல் குழந்தை பிறக்கும் நேரத்தில் கணவனின் ரத்தப் பரிசோதனை விவரம் தொலைக்காட்சியில் ஓடுவதை எந்தப் பெண்தான் விரும்புவாள்? அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அறிக்கை வெளிவந்தது 2011 ஜூனில். முதல் காரணம், இதயம் நின்றது: இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் ஒன்றில் 70 முதல் 80 சதவீதம்வரை அடைப்பு. 32 வயதில், வருடம் முழுக்கக் கடலில் உழைத்த உடம்பில். இரண்டாவது காரணம், பல மருந்துகள் ஒன்றாக உடலில் சேர்ந்தது: பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்ப்ரஸோலம், வலிக்கும் போதை அடிமைத்தனத்துக்கும் கொடுக்கும் மெத்தடோன், கோகெய்ன் உடலுக்குள் உடைந்து உண்டாகும் பொருள், கொஞ்சம் மெத்தாம்ஃபெட்டமின். டெங்கு அதில் இல்லை. குடும்பம் அமர்த்திய நோய்க்குறியியல் நிபுணர் மாரடைப்பு மட்டுமே காரணம் என்றார். வேறு மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. கூடவே குடும்பம் ஓர் அறிக்கை விட்டது. ஆண்டிக்கு 18 வயதிலேயே இருதுருவ மனநோய் இருப்பது கண்டறியப்பட்டது, அதை அடக்கத் தானே மருந்து தேடிக்கொண்டிருந்தார் என்று அதில் இருந்தது. சில வாரம் மலையுச்சி, சில வாரம் படுகுழி. தூக்கமில்லாமல் பறக்கும் நாட்கள், கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் நாட்கள். அலையில் அவர் காட்டிய வெறிக்கு ரசிகர்கள் தந்த பெயர் வீரம். அதில் எவ்வளவு நோய், எவ்வளவு ஆள் என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ரசிகர்களுக்கு இது புதுச் செய்தி. அவரோடு பயணம் போனவர்களுக்குப் புதிதே இல்லை. 2009இல் அவர் உலகத் தொடரிலிருந்து மொத்தமாக ஒதுங்கியபோது சொந்தக் காரணம் என்று சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினார்கள். 2010இல் தனி அழைப்பில் திரும்ப வந்து, தஹிட்டியின் டேயாஹுப்போ அலையில் ஜெயித்தார். பார்த்தீர்களா, மீண்டுவிட்டார் என்று எழுதினார்கள். இரண்டே மாதம். அவர் இறந்த சில வாரங்களிலேயே அமெரிக்காவின் அவுட்சைடு இதழில் வந்த நீண்ட கட்டுரை இதைத்தான் போட்டு உடைத்தது: நடந்தது பலருக்குத் தெரியும், எழுத யாரும் இல்லை. அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல.

ஏன் எழுதவில்லை என்பதற்கு சூழ்ச்சி எதையும் தேட வேண்டியதில்லை, கணக்குப் போட்டாலே தெரியும். சர்ஃபர்களுக்குச் சம்பளம் கொடுப்பது உடை, பலகை விற்கும் கம்பெனிகள். அதே கம்பெனிகளின் விளம்பரத்தில்தான் சர்ஃப் இதழ்கள் ஓடின. இந்தோனேசியாவின் மெந்தாவாய்த் தீவுகளுக்குப் படகு பிடித்துப் போகும்போது வீரரும், படமெடுப்பவரும், எழுதுபவரும் ஒரே படகில் இரண்டு வாரம் சேர்ந்து தின்று சேர்ந்து தூங்குவார்கள். செலவு பெரும்பாலும் கம்பெனியுடையது. திரும்பி வந்து படகில் நடந்ததை எழுதினால் அடுத்த படகில் இடமில்லை. இதற்கு மேல் லைன் அப்பின் சட்டம்: உள்ளூர் விஷயம் உள்ளூரோடு. வெளியாளிடம் வாய் திறந்தவனுக்குத் தண்ணீரில் இடம் கிடைக்காது. பகலில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடிக்கும் நெருக்கம் எதுவோ, அதுதான் வாயையும் கட்டிப்போட்டது. காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள். நினைத்தவர்களில் பலர் அவரை நிஜமாகவே நேசித்தவர்கள். எனக்குக் கோபத்தைவிட வருத்தமாக இருப்பது இந்த இடத்தில்தான்.

இதே ஹவாயில், இதே சர்ஃபிங் கூட்டத்தில், வேறு மாதிரியும் ஒருவர் செத்திருக்கிறார். ரெல் சன். ஓவாகுவின் மேற்குக் கரையில் மகாஹா என்ற ஏழைப்பட்ட ஊர். அவரை மகாஹாவின் ராணி என்றே அழைத்தார்கள். பெண்களுக்கான தொழில்முறை சர்ஃபிங்கை ஆரம்பித்துவைத்தவர்களில் ஒருவர். 1976இல் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு போட்டியும் தொடங்கினார். 32 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆண்டி இறந்த அதே வயது. ரெல் அதை ஒளிக்கவில்லை. அந்தக் கரையோரப் பெண்களைக் கூட்டி வைத்து, கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்போது மருத்துவரிடம் போவது என்று பேசினார். சிகிச்சையில் தலைமுடி உதிர்ந்த பிறகும் கடலுக்குப் போனார். 15 வருடம் அப்படி ஓட்டி, 1998 ஜனவரி 2 அன்று 47 வயதில் போனார். மகாஹாவில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கடலில் வழியனுப்பினார்கள். எதனால் செத்தார் என்று கூட்டத்தில் ஒருவர்கூட முணுமுணுக்க வேண்டியிருக்கவில்லை.

புற்றுநோயும் போதையும் ஒன்றா என்று கேட்கலாம். ஊர் வாய்க்கு ஒன்றில்லைதான். புற்றுநோய் வந்தவரைப் பார்த்துப் பாவம் என்போம், இன்னொன்றுக்கு வேறு சொல் வைத்திருக்கிறோம். ஆனால் 1980களில் கிராமத்துப் பெண்கள் மத்தியில் மார்பைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதும் லேசான காரியமாக இருந்திருக்காது.

அயன்ஸ் போன பிறகு சில விஷயங்கள் மாறின. உலகத் தொடரை நடத்திய தொழில்முறை சர்ஃபர்கள் சங்கம் 2012இல் போதைப் பரிசோதனை கொண்டுவந்தது. அதுவரை உலகப் பட்டம் கொடுக்கும் ஒரு விளையாட்டில் அப்படி ஒன்று இல்லாமலே இருந்தது என்பது இப்போது நினைத்தால் ஆச்சரியம். 2018இல் வந்த ஆவணப்படம் ஒன்றில் லிண்டியும் புரூஸும் கேமராவுக்கு முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்கள்: நோய், மாத்திரை, ஒளித்தது, தாங்களும் கூடச் சேர்ந்து விழுந்தது. எட்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு லிண்டி கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். இளைஞர்களின் மனநலம், கற்றலில் சிரமம், போதையிலிருந்து மீள்வது ஆகியவைதான் அதன் வேலை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து பைன்ட்ரீஸில் கவாயிப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த போட்டி ஆண்டி இல்லாமலும் நடந்தது. அவர் இறந்து 36 நாள் கழித்து, டிசம்பர் 8ஆம் தேதி, லிண்டிக்குப் பையன் பிறந்தான். ஆண்ட்ரூ ஆக்சல் என்று பெயர் வைத்தார்கள். அவனும் அலையேறப் பழகினான்.